பல உடல்களின் இயக்கம், பதினேழாம் பக்கம்

என் மனைவியின் பெயருக்கு வந்த கடிதம் ஒன்றை 2001 ஓகஸ்ட் 14 ஆம் திகதி வட்டக்கச்சி உப தபாலகத்தில் கையெழுத்து வைத்து எடுத்தேன். கடிதத்தின் தலையில் இருக்கும் திகதி அதே ஆண்டு ஏப்ரல் 3. கொழும்பில் இருக்கும் மனைவியின் தங்கை வீட்டு விலாசத்துக்கு வந்து, அங்கிருந்து வவுனியாவுக்கு அனுப்பப்பட்டு, வவுனியாவில் ஏழு கிழமை கிடந்து, பிறகு எங்களிடம் வந்தது. உறையில் மூன்று முத்திரைக் குத்துகள் இருந்தன. இரண்டை வாசிக்க முடிந்தது.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. எழுதியவர் எங்களுக்கு முன்பின் தெரியாதவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஓய்வுபெற்றுவிட்ட முதிய விஞ்ஞானி ஒருவருடைய தாள்களை ஒழுங்குபடுத்தும் வேலையில் இருப்பவர். அவர் எழுதியதன் சாரம் இது. 1997 இல் நீங்கள் அனுப்பிய முப்பத்தொரு பக்கக் கணக்கின் நிழற்பிரதி இங்கே இருக்கிறது. அதே முடிவை வேறு இருவர் 1999 இல் வெளியிட்டிருக்கிறார்கள். இந்தத் துறையின் வரலாற்றை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கணக்கு சரியானால் நீங்களே இரண்டு ஆண்டு முந்தியவர் என்று எழுதுவேன். ஆனால் பதினேழாம் பக்கத்தில் சமன்பாட்டின் மூன்றாம் வரியில் கடைசி உறுப்புக்கு முன்னால் குறி எதுவும் தெரியவில்லை. அங்கே கழித்தல் இல்லாவிட்டால் உங்கள் முடிவு வராது. அனுப்பியபோது அது அங்கே இருந்ததா?

உறைக்குள் பதினேழாம் பக்கத்தின் நிழற்பிரதியும் இருந்தது.

முப்பத்தொரு பக்கமும் மனைவியின் கணக்கு. எழுதிய கை என்னுடையது. முப்பது பக்கங்களை நெடுங்கேணியில் எழுதினேன். பதினேழாம் பக்கத்தை மாத்திரம் வவுனியாவில் எழுதினேன். ஆகவே கேள்வி என்னிடம்தான் வந்திருந்தது.

நான் கிளிநொச்சியில் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்தவன். மனைவி உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிப்பவர். 1990 இல் கலியாணம் முடிக்கும்வரை பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாசிப்பதும் திகதி போட்டு எழுதி வைப்பதும் எனக்குப் பழக்கம். 1990 முதல் 1995 வரையான நாட்குறிப்புகள் இப்போது இல்லை. 1996 முதல் இருக்கின்றன. கீழே வரும் திகதிகள் அவற்றிலிருந்து எடுத்தவை.

1996 யூலைக் கடைசியில் வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டோம். இரண்டு இடங்களில் நின்றுவிட்டு ஒக்டோபர் 6 ஆம் திகதி நெடுங்கேணிக்குப் போனோம். காட்டோரத்தில் ஒரு கமக்காரர் தந்த துண்டுக் காணியில் கொட்டில் போட்டோம். மனைவிக்கு இடம்பெயர்ந்த பாடசாலை ஒன்றில் வேலை இருந்தது. எனக்கு இல்லை. அளக்க நிலம் இருந்தது, அளக்கும்படி சொல்ல ஆள் இல்லை.

மனைவி பல வருடங்களாக ஒரு கணக்குச் செய்துகொண்டிருந்தார். வானத்தில் பல உடல்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன. பழைய முறையில் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக நினைத்துக் கணக்குப் பார்க்கலாம். ஆனால் அவை புள்ளிகள் அல்ல. பருமன் உள்ளவை, சுழல்பவை, பக்கத்தில் இருப்பவற்றின் இழுவையில் கொஞ்சம் நெளிபவை. பொதுச் சார்புக் கொள்கையில் இவற்றை எப்படி ஒன்றாகக் கணக்கிடுவது என்பதுதான் கேள்வி. அதை நான் விளங்கிக்கொண்ட அளவு சிறியது. அந்த அளவும் ஒரு பின்னேரம் பாடசாலை விட்டு வந்து தேத்தண்ணி குடித்தபோது அவர் சொன்னதிலிருந்து வந்தது.

"இஞ்சாருங்கோ, சுத்திக்கொண்டிருக்கிற ஒரு உடலுக்கு நடு எங்கை?"

"நடுவிலைதான்."

"இல்லை. ஆர் பாக்கினம் எண்டதைப் பொறுத்தது. பக்கத்திலை நிண்டு பாக்கிறவருக்கு ஒரு இடம். ஓடிக்கொண்டு பாக்கிறவருக்குக் கொஞ்சம் தள்ளி வேற இடம்."

"பகிடி விடாதையும்."

"பகிடியில்லை. அதாலைதான் ஒவ்வொரு உடலுக்கும் தனித்தனி ஆள்கூறு வைச்சு, பிறகு எல்லாத்தையும் ஒரு பொது ஆள்கூறோடை பொருத்த வேணும்."

இது எனக்கு விளங்கியது. எங்கள் கந்தோரிலும் அப்படித்தான். ஒவ்வொரு வெளிக்களத் தாளுக்கும் தனி வடக்கு, தனித் தொடக்கப் புள்ளி. பிறகு எல்லாவற்றையும் பெரிய தாளில் ஓரம் பொருத்துவோம். ஓரங்கள் ஒருநாளும் சரியாகப் பொருந்தாது. பிழையைப் பங்கிட்டுக் கொடுப்போம். இதை அவரிடம் சொன்னேன்.

"அதேதான். ஆனால் உங்கடை தாளுகள் ஒண்டையொண்டு இழுக்காது. என்ரை தாளுகள் இழுக்கும். அந்த இழுவைக்கும் பாரம் இருக்கு."

"இழுவைக்குப் பாரமோ?"

"ஓம். அந்தப் பாரமும் இழுக்கும்."

"பிறகு எங்கை முடியும்?"

"முடியாது. ஒரு இடத்திலை நிப்பாட்டுவம்."

அவர் காட்ட முயன்றது இதுதான். உடலின் நடுவை அவர் தேர்ந்த முறையில் தேர்ந்தால், அதன் உள்ளமைப்பு எப்படி இருந்தாலும், குறிப்பிட்ட ஒரு நுணுக்கம் வரைக்கும், அது போகும் பாதையில் வேறுபாடு தெரியாது. உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே போகும் போக்கில் அழிந்துவிடும். இரண்டு சிறு உறுப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் அப்படி வருகிறது. ஒன்று சக, மற்றது சய. எங்கள் பாடசாலைகளில் கூட்டலையும் கழித்தலையும் அப்படித்தான் சொல்வது.

1997 மார்ச் 2 ஆம் திகதி, அந்த முதிய விஞ்ஞானியிடமிருந்து நாலு மாதம் பிந்திய கடிதம் வந்தது. அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு மனைவி 1994 இல் அவருக்கு எழுதியிருந்தார். தாமும் இதே இடத்தில் தடைப்பட்டிருப்பதாகவும், மே மாதக் கடைசிக்குள் முழு நிறுவலும் கிடைத்தால் தம் புதிய கட்டுரையில் மனைவியுடையது என்று பெயர் சொல்லிச் சேர்ப்பதாகவும் அவர் எழுதியிருந்தார். மனைவி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அதை மடித்துக் கணித விடைத்தாள்களுக்கு மேல் வைத்துவிட்டு உலையில் அரிசி போட்டார்.

"அனுப்ப வேணும்," என்றார்.

அவருடைய கையெழுத்தை அவரைத் தவிர ஒருவராலும் வாசிக்க முடியாது. ஆகவே நான் படியெடுத்தேன். கந்தோரிலிருந்து கொண்டுவந்த நல்ல தாள் முப்பத்தெட்டு இருந்தது. இரண்டு வரைபேனாவும் அரைப் போத்தல் இந்தியன் மையும் இருந்தன. மின்சாரம் இல்லாததால் நிழற்பிரதி எடுக்க வழியில்லை. காபன் தாள் ஒன்றுதான் இருந்தது. அது கண்ணாடி மாதிரித் தேய்ந்துபோயிருந்தது. ஒரு பிரதிதான் எழுத முடியும் என்று முதல் நாளே தெரியும்.

எனக்குக் கணக்கு விளங்காது. ஆகவே வாசிக்கவில்லை, வரைந்தேன். ஒவ்வொரு குறியும் ஒரு வடிவம். பிழை விடாமல் இருக்கக் கந்தோர் வழக்கம் ஒன்றைக் கைக்கொண்டேன். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் அதில் உள்ள சய குறிகளை எண்ணி, மனைவி முதலில் எழுதிய கரட்டுப் பிரதியிலும் எண்ணி, இரண்டும் ஒத்துவந்தால் பக்கத்தின் அடியில் இடது மூலையில் அந்த எண்ணிக்கையைப் பென்சிலால் சிறிதாகக் குறித்தேன். சய குறிதான் விழக்கூடியது. மெல்லிய ஒரு கோடு, அவ்வளவுதான்.

பதினேழாம் பக்கத்தில் ஒரு படமும் இருந்தது. ஒழுங்கற்ற வடிவத்தில் மூன்று உடல்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே இரண்டு அச்சு, சுழற்சியைக் காட்ட ஓர் அம்பு. வெளியே பொது அச்சு. இடையில் இழுவையைக் காட்டும் முறிகோடுகள். மனைவியின் பிரதியில் அது மூன்று உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. நான் அதை ஒரு முழுப் பகல் இருந்து வரைந்தேன். எல்லைக்கோடு தடிப்பாக, உள்ளே சாய்கோட்டு நிழல், மூலையில் குறிவிளக்கம். அந்த எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு வரைபட வேலை அது.

"இவ்வளவு வடிவாக் கீற வேண்டாம்," என்றார் மனைவி.

"ஏன்?"

"கணக்கை ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

ஏப்ரல் 27 இல் முடிந்தது. எல்லாவற்றையும் தைத்து மேலே ஒரு அட்டை போட்டேன். உள்ளே எல்லாம் ஆங்கிலம். வழியில் பார்ப்பவர்களுக்கு இது பாடசாலைச் சாமான் என்று விளங்கட்டும் என்று அட்டையில் மாத்திரம் தமிழில், கந்தோர்ப் பெரிய எழுத்தில், தலைப்பு எழுதினேன்: பல உடல்களின் இயக்கம்.

தமிழில் கணிதம் படித்த எவரும் அப்படித்தான் எழுதுவார். பாடப் புத்தகத்தில் அசைவுக்குச் சொல் அதுதான். வன்னியில் அந்தச் சொல் ஆயுதம் ஏந்திய போராளிகளின் அமைப்பையும் குறித்தது. நாளாந்தப் பேச்சில் அந்த ஒன்றை மாத்திரமே குறித்தது. மனைவியின் வகுப்பில் ஒரு மாணவி எழும்பி, "ரீச்சர், இயக்கத்துக்குச் சமன்பாடு இருக்கெண்டால் எங்கடை வீட்டையும் வந்து ஒருக்கால் சொல்லுங்கோ," என்று கேட்டு வகுப்பே சிரித்த கதையை மனைவி எனக்குச் சொல்லி, நானும் சிரித்திருக்கிறேன். அப்படியிருந்தும் எழுதினேன். அந்தச் சொல் எங்களுக்கு இரண்டு அலுமாரியில் இருந்தது. ஒன்றைத் திறக்கும்போது மற்றதை நினைப்பதில்லை.

ஒரு வீட்டில் ஒருவர் வன்னியை விட்டு வெளியே போவதென்றால் மற்றவர் பிணையாக நிற்க வேண்டும். மனைவிக்குப் பாடசாலை இருந்தது. நான் போனேன். பாஸ் தரும் இயக்கக் கந்தோரில் மேசையில் இருந்த இளம்பெண் அட்டையைப் பார்த்தார்.

"அண்ணை, இது எந்த இயக்கம்?"

"கோள்களின்ரை, தங்கச்சி. வானத்திலை சுத்துறது."

"அவையும் வவுனியாவுக்கோ போகினம்?"

"இல்லை. நான் மட்டும்தான்."

"அப்ப சரி. அவைக்கும் சேத்து எழுதிறதெண்டால் படிவம் காணாது," என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அங்கேயே அட்டையைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை.

மே 9 காலை இராணுவச் சோதனைச் சாவடிக்கு வந்தேன். பைகளைப் பிரித்துப் பார்த்தவர் என் பொதியை எடுத்து உள்ளே கொண்டுபோனார். சிறிது நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு மேசை. அதன் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர். தமிழைப் பாடமாகப் படித்தவர். எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடியவர். களைத்துப்போயிருந்தார். அவர் என்னை ஏசவோ தொடவோ இல்லை என்பதையும் எழுதவேண்டும்.

"பல உடல்," என்றார். "எத்தனை உடல்?"

"எத்தனையும் இருக்கலாம், ஐயா."

"எத்தனை தெரியாது?"

"தெரியாது. எண்ணுக்குப் பதிலா ஒரு எழுத்துத்தான் போட்டிருக்கு."

"எங்கே இருக்கு இந்த உடல்?"

"ஒரு இடத்திலையும் இல்லை, ஐயா. கணக்கு."

"இயக்கம் போட்டிருக்கு."

"அது அந்த இயக்கமில்லை. அசைவு."

அவர் அட்டையை மறுபடி பார்த்தார். விரலால் சொல்லைத் தொட்டார்.

"அசைவு என்றால் அசைவு என்று எழுத வேண்டும்," என்றார்.

அவர் சொன்னது சரி. நான் தலையை ஆட்டினேன். பிறகு அவர் பக்கங்களைப் புரட்டினார். கணக்குகளைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். பதினேழாம் பக்கத்தில் நின்றார். எல்லைக்கோடு, சாய்கோட்டு நிழல், அம்புகள், குறிவிளக்கம். மூன்று இடங்களுக்கிடையில் முறிகோடுகள்.

"நீ என்ன வேலை?"

"நில அளவைக் கந்தோரிலை படவரைஞர்."

அவர் பொதியைக் கொண்டுவந்த மற்றவரைப் பார்த்தார். மற்றவர் பக்கத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது என்ன இடம் என்று எனக்கு விளங்காத சிங்களத்தில் கேட்டிருக்க வேண்டும். நான் மறுபடி "கணக்கு" என்றேன். பொதியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நாலு நாள் பாஸ் எழுதித் தந்தார்கள்.

வவுனியாவில் இடைத்தங்கல் பாடசாலை ஒன்றின் விறாந்தையில் படுத்தேன். ஒவ்வொரு காலையும் சாவடிக்குப் போய் நின்றேன். மே 12, பகல் பன்னிரண்டு பத்துக்குப் பொதி திரும்பி வந்தது. தையல் அறுக்கப்பட்டிருந்தது. பக்கங்கள் ஒழுங்காக இருந்தன. அட்டை இல்லை. பதினேழு இல்லை. கேட்டேன். மேசையில் அன்று வேறு ஒருவர் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

என் பாஸ் அன்று பின்னேரம் நாலு மணியோடு முடிகிறது. தபால் கந்தோர் மூன்றரைக்குப் பதிவுத் தபாலை நிறுத்தும். கரட்டுப் பிரதி நெடுங்கேணியில் மனைவியிடம் இருந்தது. ஒரு பக்கம் குறைய அனுப்பினால் நிறுவல் நடுவில் உடையும் என்பது எனக்கும் தெரியும். கடை ஒன்றில் ஒற்றைக்கோட்டுக் கொப்பி ஒன்றும் நீலப் பேனா ஒன்றும் வாங்கிக்கொண்டு தபால் கந்தோர் மர வாங்கில் குந்தினேன்.

படம் வந்தது. எந்த அம்பு எந்தப் பக்கம் என்பது கையில் இருந்தது. இந்தமுறை உருளைக்கிழங்கு மாதிரியே கீறினேன். பிறகு சமன்பாடு. வாசித்திருந்தால் அதன் பொருள் ஞாபகத்தில் இருந்திருக்கும். நான் வரைந்தவன். வடிவங்கள்தான் இருந்தன. முதல் வரி வந்தது. இரண்டாம் வரி வந்தது. மூன்றாம் வரியின் கடைசி உறுப்பு ஓர் அடைப்புக்குறியோடு வந்தது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று யோசித்துக்கொண்டு இருந்தது ஞாபகம். பக்கத்து வாங்கில் ஒரு கிழவர் விலாசம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். பிறகு மறுபடி என் தாளுக்கு வந்தேன்.

அன்றைய நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவும்தான்: "மே 12. பொதி கிடைத்தது. 17 எழுதினேன். 3.05 பதிவுத் தபால். மழை இல்லை." பதிவுத் துண்டு நாட்குறிப்போடு குத்தியபடி இன்னும் இருக்கிறது. மழை இல்லை என்று எழுதியவன், எண்ணினேனா இல்லையா என்று எழுதவில்லை.

சாவடியில் அன்று வரிசை நீளம். மூன்றரை மணியோடு போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். பாஸில் ஒரு நாள் கூட்டி எழுதி, காலையில் வரச் சொன்னார்கள். காலையில் பாதை பூட்டப்பட்டிருந்தது. வன்னியின் தெற்குப் பக்கத்தில் சண்டை தொடங்கியிருந்தது. மூன்றரை மாதம் அந்த விறாந்தையில் இருந்தேன். நெடுங்கேணியில் இப்போது ஒருவரும் இல்லை என்று யூனில் ஒருவர் சொன்னார். மனைவியின் பாடசாலை எங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த மாதங்களின் குறிப்புகளில் சாப்பாட்டு நேரமும் எழுதிய கடிதங்களின் தொகையும் மாத்திரம் இருக்கின்றன. வேறு ஒன்றையும் நான் நினைத்ததாகத் தெரியவில்லை.

ஓகஸ்ட் 30 ஆம் திகதி, மன்னார்ப் பக்கத்தால் சுற்றி, பஸ்ஸிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் மாறிமாறி ஏறிப் புதுக்குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். பாடசாலை அங்கே தென்னங்காணி ஒன்றில் நடந்துகொண்டிருந்தது. மனைவி கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பாடத்தை முடித்துவிட்டு வந்தார்.

"வந்திட்டியளோ?"

"ஓம்."

"சாப்பிட்டியளோ?"

"இல்லை."

கொட்டிலுக்குப் போய்ப் புட்டும் சம்பலும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"அனுப்பினியளோ?"

நடந்ததைச் சொன்னேன். அட்டையை, சொல்லை, பதினேழை. 

"கரட்டுப் பிரதியைத் தாரும். பாத்துச் சொல்லுறன்," என்றேன்.

"இல்லை."

"எங்கை?"

"நெடுங்கேணியிலை. தகரப்பெட்டியோடை விட்டிட்டன். உழவு இயந்திரத்திலை ஒரு பெட்டிக்குத்தான் இடம் இருந்தது. பிள்ளையளின்ரை சோதனைத் தாளுகளை ஏத்தினன்."

"அதுகளைத் திருத்தினீரோ?"

"திருத்திப் புள்ளியும் குடுத்திட்டன். பிறகு என்ன."

அவர் எழுந்து பாடசாலைப் பக்கம் நடந்தார். நானும் போனேன். பிள்ளைகள் போய்விட்டார்கள். ஒரு துண்டு வெண்கட்டியை என் கையில் தந்தார்.

"பதினேழை எழுதுங்கோ."

எழுதினேன். மூன்றாம் வரியின் கடைசி உறுப்புக்கு முன்னால் சய போட்டேன். அதை எழுதும்போது அவருடைய முகத்தைப் பார்த்தேனா, பார்த்துவிட்டு எழுதினேனா என்று என்னால் சொல்ல முடியாது. அவர் கரும்பலகைக்குக் கிட்ட வந்தார். விரலால் அந்தக் கோட்டைக் காட்டினார்.

"இதிலைதான் எல்லாம் இருக்கு. இது இருந்தால் ரெண்டும் வெட்டுப்படும். இல்லாட்டி ரெண்டும் கூடும்." பிறகு, "அண்டைக்கும் இதைப் போட்டனீங்கள்தானே?"

"ஓம்," என்றேன்.

அவர் பலகையை அழித்தார். நாளைக்கு முதற்பாடம் அவருடையது.

அதற்குப் பிறகு நாலு வருடம் அந்தக் குறியைப் பற்றிக் கதைக்கவில்லை. பதில் வரவில்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டு தரம் இடம் மாறினோம். 2000 ஆம் ஆண்டு வட்டக்கச்சிக்குத் திரும்பினோம். வீட்டின் பாதிச் சுவர் நின்றது. கூரை போட்டோம். மனைவி படிப்பித்தார். கணக்கை மறுபடி எழுத அவரால் முடியும். ஒரு தரம் கேட்டேன். "ஏன்?" என்றார். 

2001 ஓகஸ்ட் 14 க்கு வருகிறேன். கடிதத்தை வாசித்துவிட்டு அவர் நிழற்பிரதியை என் பக்கம் தள்ளினார். என் எழுத்துத்தான். மூன்று உருளைக்கிழங்கும் கோணலாக இருந்தன. கொப்பியின் கோடுகள் மங்கலாகப் பக்கம் முழுக்க ஓடின. மூன்றாம் வரியின் கடைசி உறுப்புக்கு முன்னால் கொப்பியின் கோடு மாத்திரம் இருந்தது.

நீலக் கோட்டில் நீலப் பேனாவால் இழுத்த சிறு கோடு, பிரதி எடுக்கும்போது கொப்பியின் கோட்டோடு சேர்ந்துவிடும். அப்படி நடந்திருக்கலாம். அல்லது அந்த இடத்தில் நான் ஒன்றும் போடாமல் இருந்திருக்கலாம். தெரிந்த சய குறிகளை எண்ணினேன். பத்து. நெடுங்கேணியில் எழுதிய பக்கத்தில் பதினொன்று இருந்ததாக எனக்கு ஒரு நினைவு உண்டு. ஆனால் பதினொன்று என்ற நினைவு பதினாறாம் பக்கத்துக்கும் உண்டு. இடது மூலையில் பென்சில் எண்ணிக்கை தெரியவில்லை. மெல்லிய பென்சிலைப் பிரதி இயந்திரம் எடுக்காது. எண்ணாமல் விட்டிருந்தாலும் தெரியாது.

"என்ன எழுதுறது?" என்று கேட்டேன்.

"உங்களைத்தான் கேக்கினம். என்னையில்லை."

"நான் அண்டைக்கு ஓம் எண்டனான்."

"ஓம். எண்டனீங்கள்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுளகைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "கடிதத்தை நான் சொல்லுறன். நீங்கள் எழுதுங்கோ. அந்த இடம் வரேக்கை நீங்களே எழுதுங்கோ."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நிறுவல் தம்முடையது என்றும், அந்த உறுப்புக்கு முன்னால் கழித்தல் வர வேண்டும் என்றும், அதற்கான காரணத்தை ஆறு வரியில் கீழே மறுபடி தருவதாகவும் சொன்னார். ஆறு வரியையும் நிறுத்தாமல் சொன்னார். கரட்டுப் பிரதி வேண்டியிருக்கவில்லை. பிறகு சொல்வதை நிறுத்திவிட்டுச் சுளகைக் கையில் எடுத்தார்.

அந்த இடத்தில் நான் எழுதியது இது. பக்கத்தைப் படியெடுத்தவர் கணவர். அது நினைவிலிருந்து எழுதப்பட்டது. அனுப்பியபோது குறி அங்கே இருந்ததா என்று அவருக்குத் தெரியாது. இருந்தது என்று முன்பு அவர் சொன்னது உறுதிப்படுத்தாமல் சொன்னது. மூலப் பக்கம் உங்களிடம் இருந்தால் இடது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே பென்சிலில் பதினொன்று என்று இருந்தால் குறி போடப்பட்டிருக்கிறது. பத்து என்று இருந்தால் இல்லை. எண்ணே இல்லாவிட்டால் தயவுசெய்து அந்தக் கோட்டை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள்.

மனைவி வாசித்தார். பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்து வைத்தார்.

"இப்ப அசைவு எண்டால் அசைவு எண்டு எழுதியிருக்கிறியள்," என்றார்.

ஓகஸ்ட் 17 ஆம் திகதி அனுப்பினேன். பதிவுத் துண்டு இருக்கிறது. நவம்பர் 21 இல் வரலாறு எழுதுபவரிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. நிழற்பிரதி எடுத்தபின் மூலப் பக்கங்கள் வேறு ஓர் ஊரில் உள்ள களஞ்சியத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டன என்றும், கேட்டு எழுதியிருப்பதாகவும், தம் வரலாற்றில் அந்த இடத்தை இப்போதைக்கு வெறுமையாக விட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார். மனைவி அட்டையை வாசித்துவிட்டு அலுமாரியில் வைத்தார்.

இதை எழுதுவது 2001 டிசம்பர் 30. அதற்குப் பிறகு கடிதம் எதுவும் வரவில்லை. 1997 மே 12 ஆம் திகதி எழுதிய பதினேழாம் பக்கத்தின் இடது கீழ் மூலையில் பென்சில் எண்ணிக்கை உண்டா, உண்டென்றால் அது பத்தா பதினொன்றா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.